ஏழாவது துணி

முதலில் கத்தரிக்காய் போயிற்று. அது ஊறலைக் கிளப்பும் என்று வைத்தியர் கோட்டைச்சாமி சொன்னார். அடுத்தது கருவாடு. அதன் பிறகு நிலக்கடலை, மொச்சை, கொள்ளு. யார் வீட்டுக்கு வந்தாலும் சுருளியாண்டியின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்கள். முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனி பிறந்தபோது பஞ்சம்மாளின் அடுப்பில் சோறும் சுரைக்காயும் பாசிப்பருப்பும் தவிர வேறொன்றும் வேகவில்லை. புருஷனுக்கு ஒரு குழம்பு, தனக்கு ஒரு குழம்பு என்று வைக்க அவளுக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவளும் சுரைக்காயே தின்றாள்.

இத்தனைக்கும் அரிப்பு நிற்கவில்லை.

சுருளியாண்டிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். கறுகறுவென்று முறுக்கிய மீசை. அந்த மீசைக்குக் கீழே மேலுதடு தடித்துச் சிவந்து நீர் கோத்திருந்தது. காது மடல்களின் ஓரம் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. சில நாள் காலையில் கண் இமைகள் வீங்கி, கோடு போட்டது மாதிரிதான் திறக்கும். வேப்பிலை அரைத்துப் பூசியாகிவிட்டது. குப்பைமேனியும் பூசியாகிவிட்டது. சுருளித் தீர்த்தத்தில் மூன்று முறை தலை முழுகியும் வந்தாகிவிட்டது. உட்கார்ந்தாலும் நின்றாலும் அவர் கை முகத்துக்குப் போய்விடும். பேசிக்கொண்டிருக்கும்போதே சொறிவார். அந்தச் சரக் சரக் சத்தம் கேட்டாலே பஞ்சம்மாளுக்குத் தலைக்குள் எறும்பு ஊர்வது போலிருக்கும்.

"கையை எடுங்க" என்பாள்.

"எடுத்துட்டேன்ல" என்பார். எடுத்த கை அடுத்த காதுக்குப் போயிருக்கும்.

அவர் ஏலத் தோட்டத்துக் கங்காணி. ஆண்டுதோறும் ஆடி கழிந்ததும் சுருளிப்பட்டியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்து, கம்பம்மெட்டு வழியாக மலைக்குக் கூட்டிப்போய், காய் பறித்து முடியும் வரை அங்கேயே இருந்து வேலை வாங்குவார். தை மாதம் எல்லாரையும் திரும்பக் கூட்டிவந்து ஊரில் விடுவார். மற்ற மாதங்களில் வயல் வேலை. அதை முக்கால்வாசி பஞ்சம்மாள்தான் பார்த்தாள். நாற்று எப்போது பறிப்பது, வாய்க்காலில் யாருக்கு முறை, எந்த மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறது எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். இருந்த ஒரே மகளையும் வருசநாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இருவர், அப்புறம் இந்த அரிப்பு.

சித்திரையில் அவர் கண் இரண்டும் ஒரேயடியாக மூடிக்கொண்ட ஒரு காலையில், பஞ்சம்மாள் வண்டியைப் பூட்டச் சொன்னாள்.

"இனிமே எந்த வைத்தியனும் வேண்டாம். எந்தச் சுரைக்காயும் வேண்டாம். கம்பத்துல டாக்டர் இருக்காகல்ல, அங்கன போவோம்."

கம்பத்தில் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் ஏசுதாசன் பட்டணத்தில் படித்தவர். நாற்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுவார். சுருளியாண்டியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், பிடரியைப் பார்த்தார். உணவைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்காதது பஞ்சம்மாளுக்கு முதல் ஆறுதல்.

"இது தின்கிறதால வர்றது இல்லை, கங்காணியாரே. உங்க தோலுக்கு ஏதோ ஒரு பொருள் ஆகலை. அது படுற இடத்துல எல்லாம் இப்படிப் பொங்குது. எதுன்னு கண்டுபிடிச்சா, அதை விட்டுட்டா போதும்."

"எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?"

"ஒட்டிப் பார்க்கிறதுதான். உங்க கையில, முகத்துல என்னென்ன படுதோ, அதுல எல்லாம் கொஞ்சம் கொண்டு வாங்க. சின்னச் சின்னத் துணியில தடவி, முதுகுல வரிசையா வச்சு, பிளாஸ்திரி போட்டு ஒட்டிடுவேன். ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பார்த்தா, ஆகாத பொருளுக்குக் கீழே மட்டும் தோல் சிவந்து தடிச்சிருக்கும். ஆனா அந்த ரெண்டு நாளும் குளிக்கக் கூடாது. வேர்க்கிற வேலை செய்யக் கூடாது."

பிறகு அவர் சுருளியாண்டியின் மீசையையே சற்று நேரம் பார்த்தார்.

"மீசைக்கும் தலைக்கும் ஏதாவது போடுறதுண்டா?"

"நல்லெண்ணெய்."

"வேற? கருப்புக்கு ஏதாவது?"

"எங்க வம்சத்துல நரை லேட்டாத்தான் விழும், டாக்டரய்யா. எங்க சித்தப்பா கட்டையில போறப்பக்கூட முடி கருப்பாத்தான் இருந்துச்சு."

டாக்டர் பஞ்சம்மாளைப் பார்த்தார். பஞ்சம்மாள் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெரியும். மாதம் ஒரு முறை, காரணம் ஏதும் சொல்லாமல், அவர் தோட்டத்துக் கிணற்றடிக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். போகும்போது மீசையின் அடியில் உப்புத் தூவியது போல வெள்ளை இருக்கும். வரும்போது இருக்காது. ஒரு நாள் அவர் ஆள் சேர்க்க வெளியூர் போயிருந்த சமயம், எலி புகுந்த மூலையைப் பார்க்கப் போனவள், கூரை வாரைக்கு இடையில் செருகியிருந்த தகர டப்பியைக் கண்டாள். உள்ளே பொடி. விரலில் ஒட்டியது. வாய்க்கால் தண்ணீரில் விரலைக் கழுவினாள். மறுநாள் அந்த விரல் நுனி கறுத்திருந்தது. டப்பியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. இவருக்கு முன்னால் கங்காணியாக இருந்தவர் ராக்கையா. தலை வெளுத்ததைப் பார்த்து, வயதாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். கீழே வந்த ராக்கையா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்து, யாரிடமும் பேசாமல், இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அதைச் சுருளியாண்டி கிட்ட இருந்து பார்த்தவர். அவர் டப்பியை ஏன் ஒளித்து வைக்கிறார் என்று பஞ்சம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தவிர, இத்தனை வருஷமாக ஒன்றும் செய்யாத பொடி இப்போது என்ன செய்துவிடப் போகிறது என்றும் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் தையிலிருந்து இந்த மூன்று மாதமும் சுரைக்காய் தின்றாள்.

மறு வாரம் வீட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். சீயக்காய், மஞ்சள், புகையிலை, விளக்கெண்ணெய், மலையில் போர்த்துகிற கம்பளியில் ஒரு துண்டு, ஏலக்காய்த் தொலி. டாக்டர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, ஆறு துணிகளாக ஒட்டி, அழியாத மைப் பென்சிலால் பக்கத்துத் தோலில் எண் போட்டார். சுருளியாண்டி சட்டையைப் போட்டுக்கொண்டு விறைப்பாக எழுந்தார். முதுகில் பலகை கட்டிவிட்டது போல நடந்தார்.

அன்று முழுக்கத் தாங்கினார். மறுநாள் மத்தியானம் வெயில் உச்சிக்கு வந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கூட்டிவருகிறேன் என்று ஆற்றுக்குப் போனவர், தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

பஞ்சம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"குளிச்சீகளா?"

"மாடு இழுத்துருச்சு."

"மாடு இழுத்து, துண்டை அவுத்துக் கரையில வச்சுட்டு, முங்கிட்டு வந்தீகளாக்கும்."

"கசகசன்னு இருக்குடி. முதுகு பூராம் எரியுது. நீ ஒட்டிப் பாரு, தெரியும்."

பிளாஸ்திரி பாதி ஆற்றோடு போயிருந்தது. மீதி தோள்பட்டையில் தொங்கியது. டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கங்காணியாரே, மலையில இத்தனை பேரை வேலை வாங்குறீங்க. உங்களால ரெண்டு நாள் சும்மா இருக்க முடியாதா?"

"வேலை வாங்குறது சுளுவு. சும்மா இருக்கிறதுதான் கஷ்டம், டாக்டரய்யா."

இரண்டாவது முறை பஞ்சம்மாள் காவல் இருந்தாள். களையெடுப்புக்குக் கூடப் போகவில்லை. வாசலில் அவரை உட்கார வைத்து, பனை விசிறியால் அவளே வீசினாள். தூணில் முதுகைத் தேய்க்கப் போனால் விசிறிக் காம்பு தோளில் விழும். இரண்டு நாளும் அவர் மழைக்கு ஒதுங்கின காளை மாதிரி முனகிக்கொண்டிருந்தார். முடிவில் டாக்டர் பிளாஸ்திரியை உரித்து, துணிகளை எடுத்துப் பார்த்தார். முதுகில் சுருக்கங்கள் இருந்தன, மச்சங்கள் இருந்தன, பிளாஸ்திரியின் பசை இருந்தது. வேறொன்றும் இல்லை.

"எதுவுமே பிடிக்கலை" என்றார் டாக்டர். அவர் குரலில் சலிப்புத் தெரிந்தது. "வயசானவங்க தோல் சில சமயம் இப்படித்தான். வாலிபத்துல இருக்கிற மாதிரி சட்டுன்னு காட்டாது. இல்லைன்னா, காரணமான பொருளை நீங்க கொண்டு வரவே இல்லை. வீட்டுல போய் நல்லா யோசிங்க. இன்னும் ஒரு தடவை ஒட்டிப் பார்ப்போம்."

"வயசு என்ன வயசு" என்று சுருளியாண்டி முணுமுணுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் உட்கார்ந்து அவர் சொறிந்துகொண்டே வந்தார். சரக், சரக், சரக். காமயகவுண்டன்பட்டி வரும்போது பஞ்சம்மாளுக்குப் பொறுமை அறுந்தது. இந்த மனுஷன் செத்தாலும் சொல்ல மாட்டார் என்று அப்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

அடுத்த சந்தை நாளன்று, மிளகாய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கம்பத்துக்கு நடந்தாள். மடியில் ஒரு காகிதப் பொட்டலம். டிஸ்பென்சரியில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, பிறகு உள்ளே போய் அதை மேஜை மேல் வைத்தாள்.

டாக்டர் பிரித்துப் பார்த்தார். விரலால் தொடவில்லை. மெல்ல நிமிர்ந்தார்.

"சாயப்பொடி."

பஞ்சம்மாள் தலையாட்டினாள்.

"நான் முதல் நாளே கேட்டேன். நீங்களும் அங்கதான் நின்னீங்க. கேட்டேனா இல்லையா?"

"கேட்டீக."

"அப்ப ஏம்மா சொல்லலை? சீயக்காயையும் கம்பளியையும் ஒட்டி ஒட்டி எடுத்துக்கிட்டு இருக்கேன். நான் என்ன, வேலை இல்லாம உட்கார்ந்திருக்கேனா?"

"அவுக மலைக்குப் போகணும்யா. வெள்ளை முடியோட போனா அங்கன வச்சுக்கிட மாட்டாக. அது அவுகளுக்குப் பயம். நான் கண்டுபிடிச்சது தெரிஞ்சா அவுகளுக்கு அவமானம். நான் எதைன்னு பாக்கிறது?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலை இறக்கினாள். "இதையும் மத்ததோட ஒண்ணா ஒட்டிப் பாருங்க. என்னன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லாதீக. இது இல்லைன்னா, அவுக மானத்தோட இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆளின் முதுகில் அவனுக்குத் தெரியாமல் ஒன்றை ஒட்டுவது முறையில்லை என்றார். பஞ்சம்மாள் நகரவில்லை. கடைசியில் அவர் பொட்டலத்தை மடித்து டிராயரில் போட்டார். "வாஸலின்ல கலந்து ரொம்பக் கொஞ்சமா வைக்கிறேன். ஏழாம் நம்பர். அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேட்கலைன்னா நானாச் சொல்ல மாட்டேன்."

சுருளியாண்டி கேட்கவில்லை. அவருக்கு மூன்றாம் முறையாக முதுகைக் காட்டுகிற எரிச்சலே போதுமானதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துணிகளை எடுத்தபோது பஞ்சம்மாள் டாக்டருக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் சுத்தமாக இருந்தது. ஏழாவது துணியை எடுக்கும்போது அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். அதன் கீழேயும் தோல் வெறுமனே இருந்தது. பசை ஒட்டிய கோடு மட்டும் தெரிந்தது. டாக்டர் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்றுமே இல்லாததற்காகப் புருஷனின் ரகசியத்தைக் கொண்டுபோய் அந்நிய மனுஷன் மேஜையில் வைத்துவிட்டோமே என்று இருந்தது. அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கேட்காமலே வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் சொறிந்தபோது கூட ஒன்றும் சொல்லவில்லை.

"என்னடி, உடம்புக்கு என்ன?" என்று சுருளியாண்டியே சந்தேகப்பட்டுக் கேட்டார்.

நாலைந்து நாள் போயிற்று. பஞ்சம்மாள் களத்தில் விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சுருளியாண்டி கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துக்கொண்டு வந்தார். கை எட்டவில்லை.

"ஏ பஞ்சு, இங்கன பாரு. என்னமோ கடிச்சுருச்சு. பூரானா இருக்குமோ?"

அவள் முறத்தை வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினாள். வலது தோள்பட்டைக்குக் கீழே, வரிசையின் கடைசியில், ஓர் அணா அகலத்துக்குத் தோல் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. அதன் மேல் கடுகு போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். மற்ற ஆறு இடமும் வெறுமையாக இருந்தது. பென்சிலால் போட்ட ஏழு இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

"ஏழாவது" என்றாள் பஞ்சம்மாள்.

"என்ன ஏழாவது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றும் சொல்ல முடியாது. களத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஏய், என்ன ஏழாவது? சொல்லித் தொலை."

"உங்க பொடி."

"எந்தப் பொடி?"

"கிணத்தடிக் கொட்டகையில, கூரை வாரைக்குள்ள செருகியிருக்கீகல்ல, அந்தப் பொடி."

சுருளியாண்டியின் கை மீசைக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.  களத்துக்கு அந்தப்புறம் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப இருந்து தெரியும்?"

"நம்ம புள்ள கல்யாணத்துக்கு முந்தி இருந்து."

"அத்தனை வருசமாவா?"

"அத்தனை வருசமாத்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்துட்டு, இப்ப அந்த டாக்டர்கிட்டப் போயி நீட்டியிருக்க. என்னை நாலு பேரு சிரிக்க வச்சிருக்க."

"நான் சிரிக்க வச்சேனா?" பஞ்சம்மாள் எழுந்துவிட்டாள். "டாக்டரு உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டாக. சித்தப்பாவைக் கட்டையில படுக்க வச்சுக் கதை சொன்னீக. நான் கத்தரிக்காயை விட்டேன், கருவாட்டை விட்டேன், களையெடுப்பை விட்டுட்டு உங்க முதுகுக்கு விசிறி போட்டுக்கிட்டு உக்காந்தேன். எல்லாம் ஒரு டப்பிக்காக. உங்க வாயில ஒரு வார்த்தை வந்திருந்தா தையிலேயே முடிஞ்சிருக்குமே, மனுசா!"

அவர் திரும்பி நடந்தார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. பஞ்சம்மாள் காத்திருக்கவும் இல்லை. சந்தைக்கு ஆள் அனுப்பிக் கருவாடு வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்து, வயிறு முட்டத் தின்றாள். குழம்பு வாசனை தெரு முனை வரைக்கும் போனது. சாயங்காலம் அவர் வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு முறை குழம்பு வாங்கித் தின்றார். மறுநாள் அதனால் முகத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை.

டாக்டர் ஏசுதாசன் அந்தத் தடிப்பைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன அவருக்கு. "ரெண்டாம் நாள் பார்த்தேன், ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன். அது என் தப்புத்தான். வயசான உடம்பு, நிதானமாத்தான் காட்டுது. ஒரு வாரம் கழிச்சும் வரச் சொல்லியிருக்கணும்." பிறகு சுருளியாண்டி பக்கம் திரும்பினார். "உங்களை எதுல சேர்க்கிறது, கங்காணியாரே?"

"இத்தனை வருசம் போட்டேன். அப்பெல்லாம் ஒண்ணும் செய்யலையே" என்றார் சுருளியாண்டி, தரையைப் பார்த்து.

"வருஷக்கணக்கா ஒத்துக்கிட்டு இருக்கும். ஒரு நாள் உடம்பு மாட்டேன்னு சொல்லிடும். அதுக்கப்புறம் எப்பவுமே ஆகாது."

"ஆடி கழிஞ்சா மலைக்குப் போகணும். அதுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை..."

"போட்டீங்கன்னா கண் ரெண்டும் மூடிக்கும். யாராவது கையைப் பிடிச்சுத்தான் மலை ஏத்தணும். பரவாயில்லையா?"

அவர் போடவில்லை. டப்பியை அவரே எடுத்து வந்து, கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். தொடக் கூடாது என்பதால் குச்சியால் தள்ளினார். ஆனி முடிவதற்குள் முகம் ஆறிவிட்டது. இமைகள் பழையபடி ஆயின. காது மடலில் புதுத் தோல் வந்தது. சரக் சரக் சத்தம் நின்றுபோனதும், வீட்டில் சுவர்க்கோழி கத்துவது கூடப் பஞ்சம்மாளுக்குக் கேட்டது.

ஆனால் மீசை பெரும்பாடாகிவிட்டது. அடிப்பாதி வெள்ளையும் நுனிப்பாதி கறுப்புமாக வளர்ந்தது. தலையும் அப்படியே. எடுத்துவிடலாம் என்றால், மீசையை எடுத்த ஆளைப் பார்த்து ஊரே யார் செத்தது என்று கேட்கும். ஆகவே அவர் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். போக வேண்டி வந்தால், தோள் துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார். "பல்வலி" என்றார் கேட்டவர்களிடம். ஆள் சேர்க்கிற வேலைக்குக் கூட வீடு வீடாகப் பஞ்சம்மாள்தான் போய் வந்தாள். தன் நடவு ஒரு பக்கம், அவர் ஆள்கட்டு ஒரு பக்கம். ஆடிக் காற்றில் புழுதியைத் தின்றுகொண்டு அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை.

கிளம்புகிற நாளில் கம்பம்மெட்டு அடிவாரத்தில் எல்லாரும் கூடினார்கள். தலையில் சட்டி பானை, தோளில் கம்பளி, இடுப்பில் பிள்ளைகள். பஞ்சம்மாள் அவருடைய அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை வந்திருந்தாள். சுருளியாண்டி முகத்துக் கட்டோடு ஒரு பாறை ஓரமாக நின்று, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அய்யம்மாள் என்று ஒருத்தி. அவரோடு ஆண்டுதோறும் மலைக்குப் போகிறவள். பஞ்சம்மாள் வயதுதான் அவளுக்கும். அவளுக்குத்தான் பொறுமை போயிற்று.

"கங்காணியாரே, அந்தத் துணியை அவுத்துட்டுப் பேசுங்க. யாரைக் கூப்புடுறீகன்னே தெரியலை. வெள்ளைதானே? தெரிஞ்சதுதானே?"

சுருளியாண்டி அப்படியே நின்றார்.

"என்ன தெரிஞ்சது?"

"மழையில உங்க கழுத்துல கருப்பா ஓடுமே, அதை நாங்க பாத்ததில்லையா? போன ஐப்பசியில சட்டைக் கழுத்தை யாரு கல்லுல வச்சுத் தேச்சா? நான்தான தேச்சேன். கணக்கெழுதுற எஸ்டேட்டு ரைட்டருக்குக்கூடத் தெரியும். 'கங்காணிக்கு மழை கண்டாப் பேடி'ன்னு, மழைன்னாப் பயமாம், அவுக மலையாளத்துல சொல்லிச் சிரிப்பாரு."

கூட்டத்தில் சிலர் திரும்பிக்கொண்டார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுருளியாண்டி மெல்லத் துணியை அவிழ்த்தார். வெள்ளையும் கறுப்புமான அந்த மீசை வெயிலில் தெரிந்தது. ஒரு பிள்ளை மட்டும் உற்றுப் பார்த்தது.

"ஒருத்தராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார் அவர்.

"கங்காணிகிட்ட யாரு சொல்றது?" என்றாள் அய்யம்மாள்.

பஞ்சம்மாள் அரிசி மூட்டையைப் பொத்தென்று கீழே வைத்தாள். மலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். எஸ்டேட்டுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது இவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தருக்காகத்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"மேல ஏறுங்க" என்றாள் கடைசியில். "வெயில் ஏறிரும்."

எஸ்டேட்டில் யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ரைட்டர் அவர் மீசையைப் பார்த்து ஒரு நிமிஷம் நிறுத்தி, பிறகு ஆட்களை எண்ணப் போய்விட்டார். ஆனால் அந்தப் பருவம் முடிந்து காய் உலர்த்தும்போது, அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று சொன்னார். முடிக்காக இல்லை. செங்குத்தான சரிவில் சுருளியாண்டி அடிக்கடி நின்று நின்று மூச்சு வாங்குவதை இரண்டு வருஷமாகவே பார்த்துக்கொண்டு வருகிறார்களாம். அதற்கு எந்தச் சாயமும் கிடையாது.

தையில் இறங்கி வந்து இதைச் சொன்னபோது, ராக்கையாவைப் போல இவரும் வாசலில் உட்கார்ந்துவிடுவாரோ என்று பஞ்சம்மாள் பயந்தாள். அவர் உட்காரவில்லை. மறுநாளே வயலில் இறங்கி, வாய்க்கால் மடையை இடது பக்கம் மாற்றினார். நாற்றங்காலை இடம் மாற்ற வேண்டும் என்றார். களையெடுக்க வந்தவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பஞ்சம்மாள் ஒரு மடையைத் திறந்தால் அவர் அடைத்தார். அவர் அடைத்ததை அவள் திறந்தாள்.

மாசியில் ஒரு காலை, நாவிதர் வந்து அவருக்கு முடி வெட்டி, மீசையின் நுனியில் மிச்சமிருந்த கறுப்பையும் நறுக்கிவிட்டுப் போனார். அவர் எழுந்து, துண்டால் கழுத்தைத் தட்டிக்கொண்டு, அடுப்படிக்கு வந்து நின்றார். பஞ்சம்மாள் ஈர விறகோடு போராடிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் புகை.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முழு வெள்ளை. அவளுக்குத் தெரிந்த முகம்தான், ஆனால் கொஞ்சம் சின்னதாகிவிட்டது போல இருந்தது.

"அரிக்குதா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான் இருக்கு. அந்த ஊதுகுழலை எடுத்துக் குடுங்க. நின்னு வேடிக்கை பாக்காதீக."